நீட் தேர்வுக்குக் கேள்வி போட்டுப் பழகுவது எப்படி?

பிளஸ் ஒன் சேர்ந்த கையோடு மெட்டீரியல் வாங்கி அடுக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. போதாததற்கு டெலிகிராமில் இறக்கிய பி.டி.எஃப். போனில் இடமில்லாமல் நிறைந்து கிடக்கும். இன்று நூறு கேள்வி போட்டேன், நேற்று இருநூறு போட்டேன் என்று கணக்கு வேறு. மாதக் கடைசி டெஸ்டில் பார்த்தால் மார்க் இருந்த இடத்திலேயே இருக்கும். எத்தனை கேள்வி போட்டோம் என்று எழுதி வைக்கும் பிள்ளைகள், எந்தக் கேள்வியில் ஏன் சறுக்கினோம் என்று எழுதி வைப்பதில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது. இப்போதுதான் தொடங்குகிறவர்களையும், பெரிய கோச்சிங் சென்டருக்குப் போக வசதியில்லாமல் வீட்டிலும் பள்ளியிலும் படிப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் தாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

2025 தேர்வில் இருந்த அமைப்பு இது: 180 கேள்வி, 180 நிமிடம், 720 மார்க். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு 1 மார்க் கழியும், விட்டுவிட்டால் பூஜ்ஜியம். பேனாவால் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்ப வேண்டும்; அழிக்க முடியாது. கால்குலேட்டர் கிடையாது. தேர்வு மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. அமைப்பு மாறக்கூடியது என்பதால், தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் தகவல் கையேட்டை அந்தந்த ஆண்டு ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

மார்க்கில் பாதி, அதாவது 360, உயிரியலில் இருக்கிறது. அப்புறம், தெரிந்த கேள்வியைத் தப்பாகப் போட்டால் போவது ஒரு மார்க் அல்ல. வர வேண்டிய 4 வரவில்லை, கையில் இருந்த 1 போகிறது, மொத்தம் 5. கவனக்குறைவால் ஒரு தாளில் பத்து தப்பு என்றால் 50 மார்க். புதிதாக ஒரு பாடம் படித்து 50 மார்க் ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

தொடக்கத்திலேயே ஒரு பழைய தாள்

எல்லாப் பாடமும் முடித்த பிறகுதான் பழைய வினாத்தாளைத் தொடுவேன் என்று காத்திருக்காதீர்கள். பிளஸ் ஒன் பாடம் கொஞ்சம் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து மூன்று மணி நேரம் உட்காருங்கள். 2018, 2019 போல சற்றுப் பழையதாக இருக்கட்டும். மார்க் கேவலமாகத்தான் வரும், வரட்டும். கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது, மூன்று மணி நேரம் உட்கார முடிகிறதா, எந்தப் பாடத்தில் கை நடுங்குகிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். கடைசி இரண்டு ஆண்டுத் தாள்களை மட்டும் பிரிக்காமல் வையுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

பழைய தாள்களில் ஒரு சிக்கல் உண்டு. 2021 முதல் 2024 வரை தாளில் 200 கேள்விகள் இருந்தன. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 35 கட்டாயக் கேள்விகள், மேலும் 15 கொடுத்து அதில் ஏதேனும் 10. 2022 முதல் நேரமும் 200 நிமிடம். அந்தத் தாள்களை அப்படியே எழுதிப் பழகினால் ‘கஷ்டமானதை விட்டுவிடலாம்’ என்ற பழக்கம் வந்துவிடும். 2025 தாளில் அந்தச் சலுகை இல்லை. அதனால் 15 கேள்விப் பகுதியில் முதல் 10ஐ மட்டும் வைத்துக்கொண்டு மிச்சம் 5ஐ அடித்துவிடுங்கள். நான்கு பகுதிக்கும் 45 வீதம் 180 வரும். அதை 180 நிமிடத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று, 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் குறைக்கப்பட்டிருக்கிறது. திட நிலைமை, பலபடிகள், செரித்தல் போன்ற சில பாடங்கள் இப்போது இல்லை. நம் மாநிலப் பாடப் புத்தகத்தில் திட நிலைமை இருக்கிறது, பொதுத்தேர்வுக்கு அதைப் படித்தாக வேண்டும். ஆனால் 2019 தாளில் அந்தக் கேள்வி தப்பானால் அதற்காக அரை நாள் வருத்தப்பட வேண்டியதில்லை. பாடத்திட்டத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

தினசரிப் பழக்கம்

ஒரு பாடப்பகுதியைப் படித்து முடித்தவுடன் புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள்: வரையறை, சூத்திரம், படம், விதிவிலக்கு என எது வருகிறதோ அது. பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேருங்கள். பத்து நிமிட வேலைதான். அடிக்கோடிட்டு மூன்று முறை வாசிப்பதைவிட இது அதிகம் ஒட்டும். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும், எழுதச் சொன்னால்தான் எது தெரியாது என்று தெரியும்.

அடுத்து, அதே பகுதியில் 20 கேள்வி, 20 நிமிடம், எதிரில் கடிகாரம். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் பின்பக்கத்தைப் புரட்டி விடை பார்ப்பதை இன்றே விட்டுவிடுங்கள். இருபதும் முடிந்த பிறகு மொத்தமாகத் திருத்துங்கள். போடும்போதே, நிச்சயமாகத் தெரியாமல் போட்ட கேள்விக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். திருத்தும்போது அந்தக் கேள்விக்குறிக்கு மதிப்பு தெரியும். குருட்டாம்போக்கில் சரியாகிப்போன கேள்வியை ‘சரி’ என்று எண்ணிக் கடந்துவிடுவோம். அது அடுத்த முறை தப்பாகும். கேள்விக்குறி போட்ட சரியான விடைகளையும் தப்புகளோடு சேர்த்தே ஆராய வேண்டும்.

நாலைந்து பாடம் முடிந்ததும் கலந்து போடத் தொடங்குங்கள். பாடத் தலைப்பின் கீழே இருக்கும் கேள்வியில் பாதி விடை அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. ‘வேலை, ஆற்றல், திறன்’ என்று மேலே எழுதியிருந்தால் ஆற்றல் அழிவின்மையைப் போட வேண்டும் என்று யாருக்கும் தெரியும். தேர்வில் தலைப்பு இருக்காது. எந்தச் சூத்திரம் என்று கண்டுபிடிப்பதே அங்கே முதல் வேலை. அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது, முடித்த எல்லாப் பாடத்திலிருந்தும் பொறுக்கிய கேள்விகளைப் போடுங்கள். மார்க் குறையும், பயப்பட வேண்டாம்.

தப்பு நோட்டு

இதுதான் முக்கியமான வேலை, எல்லோரும் தவிர்க்கும் வேலையும் இதுதான். தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். தப்பான கேள்வியையும் அதன் விடையையும் அழகான கையெழுத்தில் காப்பி அடிப்பதற்கு அல்ல; அப்படி நிரப்பிய நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், எழுதியவரே திரும்பப் படிப்பதில்லை. ஏன் தப்பானது என்பதை ஒரே வரியில் எழுதத்தான் அந்த நோட்டு.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ வேதியியலில் வேதிவினை வேகவியல் பாடம். ‘ஒரு முதல் வகை வினையின் அரை வாழ்காலம் 20 நிமிடம். வினை 75 சதவீதம் முடிய எவ்வளவு நேரம் ஆகும்?’ ஆப்ஷன்களில் 30 நிமிடமும் இருக்கும், 40 நிமிடமும் இருக்கும். 30 போட்ட மாணவர் எப்படி யோசித்திருப்பார்? 50 சதவீதம் முடிய 20 நிமிடம், இன்னொரு 25 சதவீதத்துக்கு 10 நிமிடம், ஆக 30. கணக்கில் பிழையில்லை. ஆனால் அது பூஜ்ஜிய வகை வினைக்கான கணக்கு. முதல் வகையில், மிச்சம் இருப்பதில் பாதி தீர ஒவ்வொரு முறையும் அதே 20 நிமிடம் வேண்டும். 100 இருந்தது 20 நிமிடத்தில் 50, அடுத்த 20 நிமிடத்தில் 25. விடை 40. கேள்வி தயாரித்தவர் 30ஐ சும்மா வைக்கவில்லை. இப்படி யோசிப்பவர் வருவார் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்.

நோட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘75 சதவீதம் முடிந்தால் 25 மிச்சம், அதாவது இரண்டு அரை வாழ்காலம். நான் நேர்விகிதம் போட்டுவிட்டேன், அது பூஜ்ஜிய வகைக்கு.’ அத்தோடு நிறுத்தாமல் அதே கேள்வியை நீங்களே இரண்டு விதமாக மாற்றிக் கேளுங்கள். 87.5 சதவீதம் முடிய? மூன்று அரை வாழ்காலம், 60 நிமிடம். 99.9 சதவீதம் முடிய? மிச்சம் ஆயிரத்தில் ஒன்று. பத்து முறை பாதியாக்கினால் 1024ல் ஒன்று வரும். ஆகவே ஏறத்தாழ பத்து அரை வாழ்காலம், 200 நிமிடம். ஒரு தப்பிலிருந்து மூன்று கேள்வி கைக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். பாடமே தெரியாமல் தப்பானால் ‘பா’. தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் போட்டால் ‘க’. ‘தவறான கூற்று எது’ என்பதை ‘சரியான கூற்று எது’ என்று படிப்பது இந்த வகை. கூட்டல் கழித்தல், அலகு மாற்றம் இவற்றில் தவறினால் ‘எ’. நேரம் போதாமல் அவசரத்தில் போட்டது ‘நே’. ஞாயிற்றுக்கிழமை இவற்றை எண்ணிப் பாருங்கள். ‘பா’ அதிகம் என்றால் அடுத்த வாரம் புத்தகத்துக்குப் போக வேண்டும். ‘எ’ அதிகம் என்றால் புத்தகத்தைத் திறந்து பயனில்லை. ரஃப் வொர்க்கை ஒழுங்காக, வரிவரியாக எழுதப் பழக வேண்டும். பலரும் ‘எ’ வகை நோய்க்கு ‘பா’ வகை மருந்து சாப்பிடுகிறார்கள். அதே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, மார்க் ஏறவில்லையே என்று கவலைப்படுகிறார்கள்.

நோட்டில் ஏறிய கேள்வியை மூன்று நாள் கழித்து, பிறகு பத்து நாள் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து விடை பார்க்காமல் போடுங்கள். நாள் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம், இடைவெளி கூடிக்கொண்டே போவதுதான் முக்கியம். அடுத்தடுத்து சரியாக வந்துவிட்டால் குறுக்கே ஒரு கோடு.

பாடத்துக்குப் பாடம் பழக்கம் வேறு

உயிரியலுக்கு மத்திய அரசுப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் புத்தகம்தான் அடிப்படை. நம் மாநிலப் புத்தகத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. இரண்டுக்கும் எண்ணிக்கையிலோ எடுத்துக்காட்டிலோ வேறுபாடு வந்தால், நீட் எழுதும்போது என்.சி.இ.ஆர்.டி. பக்கம் நில்லுங்கள். கூற்று, காரணம், பொருத்துக, எத்தனை கூற்றுகள் சரி என்ற மாதிரிக் கேள்விகள் நிறைய வருகின்றன. இவற்றில் பொறி பெரும்பாலும் ‘எல்லா’, ‘மட்டும்’, ‘எப்போதும்’ என்ற சொற்களில் இருக்கும். ‘எல்லாத் தமனிகளும் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன’ என்று இருந்தால் வாசிக்கச் சரியாகத்தான் இருக்கும். நுரையீரல் தமனி நினைவுக்கு வந்தால்தான் தப்பிக்கலாம். படிக்கும்போதே விதிவிலக்குகளுக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. படங்களின் பெயர்களை மறைத்துவிட்டுச் சொல்லிப் பார்க்கவும் பழகுங்கள்.

வேதியியலில் கனிம வேதியியல் கொஞ்சம் கொஞ்சமாக, தினமும். கரிம வேதியியலை வினைகளைத் தொடர்சங்கிலியாக எழுதிப் பழக வேண்டும். இயற்பு வேதியியலைக் கணக்கு போல நடத்துங்கள்.

இயற்பியல்தான் நம் பிள்ளைகளைப் படுத்தும் பாடம். 2025 தாளில் இயற்பியல் நீளமாகவும் கடினமாகவும் இருந்ததால் பலருக்கு நேரமே போதவில்லை. தீர்வைப் பார்த்துப் புரிந்துகொள்வதைப் பயிற்சி என்று எண்ண வேண்டாம். யூடியூபில் சார் போடும்போது எல்லாம் எளிதாகத்தான் தெரியும். ஒரு கணக்கோடு பத்து நிமிடமாவது தனியாகப் போராடுங்கள்; படம் வரையுங்கள், கொடுத்தது என்ன, கேட்டது என்ன என்று எழுதுங்கள். அதற்கும் வராவிட்டால் தீர்வின் முதல் வரியை மட்டும் பாருங்கள், மறுபடி முயலுங்கள். முழுத் தீர்வையும் பார்க்க நேர்ந்தால், மறுநாள் அதே கணக்கை வெறும் தாளில் போட்டுக்காட்ட வேண்டும் என்று உங்களுக்கே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

கால்குலேட்டர் இல்லாததால் சில எண்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும்: ரூட் 2 என்றால் 1.41, ரூட் 3 என்றால் 1.73, மடக்கை 2க்கு 0.301, மடக்கை 3க்கு 0.477, பையின் வர்க்கம் ஏறத்தாழ 10. கணக்கைத் தொடங்கும் முன் ஆப்ஷன்களைப் பாருங்கள். நான்கும் பத்து மடங்கு, நூறு மடங்கு தள்ளித்தள்ளி இருந்தால் தோராயமே போதும், மூன்று தசமம் வரை வகுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆப்ஷன்கள் குறியீடுகளாக இருந்தால் பரிமாணம் சரிபார்த்தே ஒன்றிரண்டை அடித்துவிடலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு

தமிழைத் தேர்ந்தெடுத்தால் கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி என்பது விதி. இது வெறும் சம்பிரதாய வரி அல்ல. 2018ல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் கூடுதலாக வழங்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆகவே ஒரு தமிழ் வரி குழப்பினால் உடனே பக்கத்து ஆங்கில வரியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை, கலைச்சொற்கள் தெரிந்தால் போதும். ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழ்ச் சொல் ஒரு பக்கம், ஆங்கிலச் சொல் ஒரு பக்கம் என்று எழுதி வாருங்கள். தமிழ்ச் சொற்களே ஒரு புத்தகத்துக்கும் இன்னொன்றுக்கும் மாறுவதுண்டு, அப்போதும் இந்தப் பட்டியல் கைகொடுக்கும்.

முழுத் தேர்வு

பாடங்கள் முக்கால்வாசி முடிந்ததும் இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்தபின் வாரத்துக்கு இரண்டு என்பது என் கணக்கு. தினமும் ஒன்று எழுதுபவர்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். மூன்று மணி நேரத் தேர்வை அலச இன்னொரு மூன்று மணி நேரம் வேண்டும். அலச நேரமில்லாவிட்டால் அந்தத் தேர்வை எழுதாமலே இருக்கலாம்.

மதியம் 2 மணிக்கே எழுதுங்கள். சாப்பிட்டபின் கண் சொருகும் நேரம் அது, உடம்பும் பழக வேண்டும். ஓ.எம்.ஆர். மாதிரித் தாளை நகல் எடுத்துப் பேனாவால் நிரப்புங்கள். புத்தகத்தில் டிக் அடித்துப் பழகியவர்களுக்கு 180 வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதே தெரியாது. எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பலாம் என்று விடாதீர்கள். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை நிரப்பிவிடுங்கள். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அதன் வட்டத்தில் அடுத்ததை நிரப்பினால் வரிசையாக எல்லாமே தடம் மாறும்.

நேரப் பங்கீட்டுக்கு ஒரு தொடக்கம்: உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 65, மிச்சம் 15 விட்டதைப் பார்க்க. நிரப்பும் நேரமும் இதற்குள்தான். இரண்டு மூன்று தேர்வு எழுதிய பிறகு உங்கள் வேகத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். ஒரு கேள்வியில் இரண்டு நிமிடம் தாண்டினால் கேள்வித்தாளில் அதன் எண்ணை வட்டமிட்டுவிட்டு நகருங்கள். கஷ்டமானதற்கும் 4 மார்க்தான், எளியதற்கும் 4 மார்க்தான்.

தெரியாததைப் போடலாமா? கணக்கைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் நான்கில் ஒன்று சரியாகும்: 4 வந்து 3 போகும். நான்கு கேள்விக்கு 1 மார்க் மிச்சம், அதாவது சராசரி 0.25. ஓர் ஆப்ஷனை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி 0.67. இரண்டை நீக்கினால் 1.5. இரண்டை நீக்க முடிந்த இடத்தில் தயங்காமல் போடுங்கள். எதுவுமே தெரியாத இடத்தில் விட்டுவிடுவதுதான் என் யோசனை. கணக்குப்படி கால் மார்க் லாபம்தானே என்று கேட்கலாம். ஆனால் தெரியாதபோது நாம் குலுக்கல் போடுவதில்லை. பார்க்கச் சரியாகத் தோன்றுவதைப் போடுகிறோம். மேலே சொன்ன 30 நிமிடம் அப்படித் தோன்றத்தான் வைக்கப்பட்டது. உங்கள் ஊகம் எப்படி என்று அறிய, மாதிரித் தேர்வுகளில் கேள்விக்குறி போட்டவற்றை மட்டும் தனியே எண்ணுங்கள். ஐந்தில் ஒன்று சரியானால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்கும் கீழே போனால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மார்க்கை யாரோடு ஒப்பிடுவது என்பதிலும் நிதானம் வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அவர்களுக்கான தரவரிசை தனி. யூடியூபில் யாரோ சொல்லும் அகில இந்தியக் கட் ஆஃபைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள் உண்டு.

கடைசி நாட்களும் தேர்வு நாளும்

கடைசிப் பத்து நாளில் புதுப் பாடம் வேண்டாம், புது மெட்டீரியலும் வேண்டாம். தப்பு நோட்டு, விதிவிலக்குப் பட்டியல், எடுத்து வைத்த இரண்டு தாள்கள், இவ்வளவே. கடைசித் தாளைத் தேர்வுக்கு நாலைந்து நாள் முன்பே எழுதி முடியுங்கள். முந்தின நாள் எழுதி மார்க் குறைந்தால் தூக்கம் போய்விடும்.

மையத்தின் கதவை 1.30க்கு மூடிவிடுவார்கள். அரைக்கை உடை, செருப்பு, அனுமதிச்சீட்டு, அடையாள அட்டை என்று கையேட்டில் சொன்னபடி போங்கள். பேனா அங்கேயே தருவார்கள். ரஃப் வொர்க் கேள்வித்தாளிலேயே செய்ய வேண்டும், தனித்தாள் கிடையாது. அதனால் மாதிரித் தேர்விலும் தனித்தாள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வித்தாளை வீட்டுக்கு எடுத்துவரலாம் என்பதால், போட்ட விடையை அதிலும் குறித்து வையுங்கள். சில வாரம் கழித்துத் தற்காலிக விடைக்குறிப்பும் உங்கள் ஓ.எம்.ஆர். தாளின் நகலும் இணையத்தில் வரும். விடைக்குறிப்பு தவறு என்று பட்டால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அந்தப் பணம் திரும்ப வராது. ஆட்சேபிக்கும் முன் புத்தகத்தில் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.